கடிதம் இல்லாத வழக்கு

1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. கோலாலம்பூரில் மழை. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியர் வில்லியம் ப்ரௌட்லாக், சக ஆசிரியர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். பங்களாவில் அவருடைய மனைவி எத்தல் இருந்தார். முன்பு ஈயச் சுரங்க மேலாளராக வேலை பார்த்த வில்லியம் ஸ்டீவர்ட் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் துப்பாக்கி ஆறு முறை வெடித்தது. ஸ்டீவர்ட் செத்துக் கிடந்தார்.

தன்னைப் பலவந்தப்படுத்த வந்தவரைச் சுட்டேன் என்றார் எத்தல். ஒரு குண்டுக்கு அந்த விளக்கம் போதும், ஆறுக்குப் போதவில்லை. தள்ளாடி வெளியே வந்தவரைத் துரத்தி வந்து அவர் சுட்டார் என்பது அரசுத் தரப்பின் வாதம். ஜூன் மாதம் விசாரணை நடந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் இத்தகைய வழக்குக்கு அப்போது ஜூரி கிடையாது. நீதிபதியும், அசெசர் எனப்பட்ட இருவரும் கூடி எத்தலைக் குற்றவாளி என்றார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளைக்காரச் சமூகம் கொதித்துப்போய் மனுமேல் மனு போட்டது. ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். எத்தல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ஏன் சுட்டார் என்ற கேள்விக்கு அந்த வழக்கில் பதில் இல்லை. கொலை நடந்தது, சுட்டது யார், எத்தனை குண்டு என்பதெல்லாம் ஐயமில்லாமல் தெரியும். காரணம் மட்டும் தெரியாது. உண்மைக் குற்றக் கதை என்று இன்று புத்தகமாகவும் தொடராகவும் வருவனவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட வெற்றிடத்தைச் சுற்றித்தான் எழுகின்றன. அந்த இடத்தை யார், எதைக் கொண்டு நிரப்புகிறார்கள், நிரப்பியதை வாசகரிடம் சொல்கிறார்களா என்பதை ஆராய, மலாயாவிலேயே பிறந்து உலகம் சுற்றிய இந்த வழக்கைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

நாவலாசிரியர் சேர்த்த தடயம்

வழக்கு முடிந்து 10 ஆண்டுகள் கழித்து, 1921இல், ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் மலாயாவுக்கு வந்தார். தோட்டத் துரைமார் வீடுகளிலும் கிளப்புகளிலும் தங்கி, சாப்பாட்டு மேசையில் கேட்ட கதைகளைச் சேகரித்தார். பினாங்கின் ஈ அண்ட் ஓ ஹோட்டல் தன் புகழ்பெற்ற விருந்தினர் வரிசையில் அவரையும் வைத்துப் பெருமைப்படுகிறது. அந்தப் பயணத்தின் விளைச்சல்களில் ஒன்று ‘தி லெட்டர்’ என்ற சிறுகதை. 1926இல் ‘தி கேஷுவரினா ட்ரீ’ தொகுப்பில் வந்தது. மறு ஆண்டே லண்டனில் நாடகமாக மேடையேறியது.

கதையில் எத்தல், லெஸ்லி கிராஸ்பி ஆகிறார். கணவர் பள்ளி ஆசிரியரல்ல, ரப்பர் தோட்டக்காரர். கோலாலம்பூரின் இடத்தில் சிங்கப்பூர். பலவந்தம், ரிவால்வர், ஆறு குண்டு ஆகியவை அப்படியே இருக்கின்றன. மாம் புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: சுடப்பட்டவருக்கு லெஸ்லி அன்று எழுதிய கடிதம். அது அவருடன் வாழ்ந்த சீனப் பெண்ணிடம் சிக்கியிருக்கிறது. லெஸ்லியின் வக்கீல் செய்த ஏற்பாட்டில் 10,000 டாலர் கொடுத்து அதை வாங்கி மறைக்கிறார்கள்; லெஸ்லி விடுதலையாகிறார். கள்ளக் காதலன் கைவிட்டதால் விளைந்த கொலை என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

நிஜ வழக்கில் ஸ்டீவர்ட் ஒரு சீனப் பெண்ணுடன் வாழ்ந்தது பேசப்பட்டது. அப்படியொரு கடிதம் மட்டும் எந்த நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்படவில்லை.

ஹாலிவுட் இந்தக் கதையை இரண்டு முறை பேசும்படமாக எடுத்தது. 1929 படத்தில் சுடப்படும் காதலனாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷலே, வில்லியம் வைலர் இயக்கத்தில் பெட் டேவிஸ் நடித்த 1940 படத்தில் ஏமாந்த கணவராக வந்தார். அந்தக் காலத்து அமெரிக்கத் தணிக்கை விதிப்படி, கொலை செய்தவர் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. ஆகவே இரண்டாம் படத்தின் முடிவில் செத்தவரின் மனைவி கதாநாயகியைப் பழிவாங்குகிறார். நிஜத்தில் தண்டிக்கப்பட்டு மன்னிக்கப்பட்ட பெண், கதையில் விடுதலையாகி, படத்தில் கொல்லப்பட்டார்.

கதை என்று சொல்லி எழுதப்பட்டதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. மாம் சேர்த்த காரணம் வழக்குக்குள்ளேயே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. எரிக் லாலர் 1999இல் இந்த வழக்கைப் பற்றி எழுதிய ‘மர்டர் ஆன் தி வராண்டா’ என்ற நூல் புனைவல்ல, வரலாறு. பிரிட்டிஷ் மலாயாவில் காதலும் துரோகமும் என்பது அதன் துணைத் தலைப்பு. நிரூபிக்கப்படாத காதல் அட்டையிலேயே ஏறிவிட்டது. எத்தல் ப்ரௌட்லாக் பெயரைக் கேட்டதும் ‘மாம் கதையில் வரும் அந்தப் பெண்’ என்று நினைப்பவர்களுக்கு, அவர் மீதான ஐயம் தீர்ப்பைவிட உறுதியான செய்தி.

பினாங்கு வீட்டில் நடந்த மறுவிசாரணை

பினாங்கில் பிறந்த தான் ட்வான் எங் 2023இல் வெளியிட்ட ‘தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்’ நாவல், அந்த ஆண்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 1921இல் மாம் பினாங்கில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வீட்டில் தங்குகிறார். வீட்டுக்காரி லெஸ்லி ஹாம்லின், எத்தலின் தோழி. 10 ஆண்டுக்கு முந்தைய வழக்கை மாமிடம் சொல்பவர் அவர்தான். மாமின் கதைக்கான மூலமே நாவலாசிரியர் உண்டாக்கிய ஒருத்தி. அவளுக்கு மாமின் கதாநாயகியின் பெயர். உண்மையிலிருந்து புனைவு பிறந்தது போய், புனைவுக்குப் பின்னால் இன்னொரு புனைவு ‘உண்மை’யாக நிற்கிறது.

நாவலில் இன்னொரு இழையும் உண்டு. சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் 1910இல் பினாங்கில் தங்கி, ஆர்மீனியன் தெருவின் 120ஆம் எண் வீட்டிலிருந்து இயக்கம் நடத்தினார். அந்த நாட்களும் எத்தலின் வழக்கும் ஒரே காலத்தில் வர வேண்டும் என்பதற்காக, 1911ஆம் ஆண்டு வழக்கைத் தான் ட்வான் எங் ஓராண்டு முன்னால் நகர்த்தினார். நகர்த்தியதை அவர் மறைக்கவில்லை.

மாம், வைலர், தான் ட்வான் எங் ஆகிய மூவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உண்மைக் குற்றத்துக்குள் புனைவு நுழையும் வழிகள் துலங்குகின்றன. ஒருவர் காரணம் கொடுத்தார். ஒருவர் முடிவு கொடுத்தார். ஒருவர் காலத்தை மாற்றினார். மூன்றின் எடையும் ஒன்றல்ல. ஆண்டு மாறியது சொல்லப்பட்டுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. முடிவை மாற்றுவது, நீதி எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி ஊருக்குப் பொய் சொல்கிறது. மறுக்க முடியாத ஒருவரின் மனசுக்குள் புகுந்து காரணம் சொல்வதுதான் மூன்றிலும் ஆபத்தானது. எழுத்தாளர்கள் அதிகம் விரும்புவதும் அதையே.

உண்மை என்று சத்தியம் செய்தவர்

மேற்சொன்ன மூன்றும் புனைவென்ற பெயரிலேயே வந்தவை. அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி செய்தது வேறு. கான்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்ற சிற்றூரில் 1959 நவம்பர் 15 அன்று கிளட்டர் குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டனர். அதைப் பற்றி ‘நியூ யார்க்கர்’ இதழில் 1965இல் எழுதி, 1966இல் நூலாக்கிய ‘இன் கோல்ட் ப்ளட்’, நாவலின் வடிவில் முழு உண்மை என்று அறிவிக்கப்பட்டது. பேட்டிகளின்போது கபோட்டி குறிப்பெடுக்கவில்லை, ஒலிப்பதிவும் செய்யவில்லை. தன் நினைவாற்றலே சாட்சி என்றார்.

நூல் வந்த அதே ஆண்டில் பிலிப் டாம்ப்கின்ஸ் என்பவர் கான்சாஸுக்குப் போய் விசாரித்து, முரண்களை ‘எஸ்குவயர்’ இதழில் எழுதினார். நூலின் கடைசியில் புலனாய்வு அதிகாரி கல்லறைத் தோட்டத்தில், கொல்லப்பட்ட பெண்ணின் தோழியைச் சந்திக்கும் காட்சி வருகிறது. அது நடக்கவே இல்லை என்பதைக் கபோட்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜெரால்ட் கிளார்க் 1988இல் பதிவு செய்தார். இருவர் தூக்கில் தொங்குவதோடு புத்தகத்தை முடிக்க ஆசிரியருக்கு மனமில்லை. ஆறுதலாக ஒரு முடிவு தேவைப்பட்டது. ஹாலிவுட் தணிக்கை விதிக்காகச் செய்ததை இவர் அழகுக்காகச் செய்தார். வாசகருக்கு மட்டும் சொல்லவில்லை.

சிந்து முதல் சினிமா வரை

தமிழில் இந்தத் தொழிலுக்கு வயது அதிகம். கொலைச்சிந்து என்ற மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல பத்தாண்டுகள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றன. ஊரைக் கலக்கிய கொலை நடந்த கொஞ்ச நாளிலேயே பாட்டு தயாராகிவிடும். செத்தவள் கடைசியாகப் புலம்பியதைப் பாட்டுக்காரர் கேட்டிருக்க முடியாது. கேட்பவர்களுக்கும் அது தெரியும். மெட்டே அங்கே அறிவிப்புப் பலகை. பாட்டு உரைநடையாகிப் பத்திரிகைக்குப் போனபோது அந்தப் பலகை விழுந்துவிட்டது.

விழுந்ததன் விலையைக் காட்டியது 1944ஆம் ஆண்டு லட்சுமிகாந்தன் வழக்கு. சி.என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’ ஆகிய பத்திரிகைகளில் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தவர். எது நடந்தது, எது அவர் கட்டியது என்று பிரிக்க முடியாதபடி எழுதினார். அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். தமிழ்த் திரையின் இரு பெரும் நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதர் சிறையில் இருந்தபோதும் அவருடைய ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்த பிறகு அந்தப் பழைய உச்சம் திரும்பவில்லை.

கொன்றது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. வதந்தியை எழுதியவரே வதந்தியாக மாறியதுதான் மிச்சம். 2025இல் வெளியான ‘காந்தா’ திரைப்படம் 1950களின் சென்னைத் திரையுலகில் நடக்கும் கொலையைச் சொல்கிறது. கதாநாயகனில் பாகவதரின் சாயல் தெரிகிறது என்று அவருடைய பேரன் ஒருவர் படத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார். இது யாருடைய வாழ்க்கை வரலாறும் அல்ல என்பது படக்குழுவின் நிலை. அதன் இயக்குநர் செல்வமணி செல்வராஜ், 2023இல் வீரப்பனைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆவணத் தொடரையும் எடுத்தவர். ஒரே கை இரண்டு வகையிலும் வேலை செய்கிறது. ஆவணப்படத்தில் பேசுபவரின் பெயர் திரையில் வரும். அவர் பொய் சொன்னால் மறுக்க இன்னொருவரைத் தேடிப் பிடிக்கலாம். சாயலை மறுப்பது அப்படி எளிதல்ல. பெயர் இல்லாத குற்றச்சாட்டுக்கு எந்த முகவரியிலிருந்து பதில் எழுதுவது?

பதிவேட்டின் ஓரத்தில் வரைந்த கோடு

தெளிவான கோடு ஒன்றை வரைந்தது இந்திய உச்ச நீதிமன்றம். காரணமாக இருந்தது ஒரு தமிழ் வார இதழ். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டுச் சிறையில் தன் வரலாற்றை 300 பக்கம் எழுதியதாகவும், தன்னோடு பழகிய அதிகாரிகளின் பெயர்கள் அதில் இருப்பதாகவும் ‘நக்கீரன்’ சொன்னது. வெளியிடக் கூடாது, அதை எழுதியதே சங்கர் அல்ல என்றது சிறைத் துறை. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொதுப் பதிவுகளில் இருப்பதை, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமலே யாரும் எழுதலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண் போன்றோரின் அடையாளம் மட்டும் விலக்கு. பதிவைத் தாண்டி ஒருவருடைய வாழ்க்கைக் கதையைச் சம்மதமின்றி எழுதினால், அது அந்தரங்கத்தில் தலையிடுவது. விளைவை எழுதியவரே ஏற்க வேண்டும். அதிகாரிகள் தங்கள் கடமை தொடர்பான எழுத்துக்கு அந்தரங்க உரிமை கோர முடியாது. அச்சாகும் முன்பே தடுக்க அரசுக்கும் அதிகாரமில்லை. அந்தப் பக்கங்களை சங்கர்தான் எழுதினாரா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று அவர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

உண்மை எது என்று தீர்ப்பு சொல்லவில்லை. பதிவு எங்கே முடிகிறது என்று மட்டும் காட்டியது. எழுத்தாளருக்கு அதைவிடப் பயனுள்ள கோடு வேறில்லை. ஆனால், செத்தவருக்கு அந்தக் கோட்டால் பயன் குறைவு. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் மலேசியாவிலும் இந்தியாவிலும், இறந்தவரின் பெயரைக் கெடுத்ததற்காகக் குடும்பத்தார் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. இரு நாட்டுக் குற்றவியல் சட்டத்திலும் இறந்தவரை அவதூறு செய்வதற்குச் சிறு இடம் உண்டு. அதுவும் உறவினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால்தான்.

மலேசியாவில் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, முன்னாள் பாடகியும் பிறகு மந்திரவாதியுமான மோனா ஃபண்டி. பகாங் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸை 1993இல் கொன்றதற்காக, கணவரோடும் உதவியாளரோடும் 2001 நவம்பர் 2 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். இயக்குநர் டைன் சைட் எடுத்த ‘டுக்குன்’ படம் இந்த வழக்கோடு சேர்த்தே பேசப்பட்டது. 2006இல் எடுக்கப்பட்டு, 2018இல்தான் திரைக்கு வந்தது. கதாநாயகிக்கு வேறு பெயர். இதற்கிடையே, தான் சாக மாட்டேன் என்று மோனா கடைசியில் சொன்னதாகக் கிளம்பிய பேச்சு மட்டும் எந்தத் தணிக்கையும் இல்லாமல் நாடெங்கும் ஓடியது.

பதிவும் ஒரு தரப்புதான்

பதிவேட்டை நம்பு என்பதோடு விவாதம் முடிந்துவிடாது. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் கீ ஹின் சங்கமும் தோ பே கோங் சங்கமும் நாள்கணக்கில் மோதிக்கொண்டன. முதலாவதோடு வெள்ளைக் கொடி, இரண்டாவதோடு சிவப்புக் கொடி என்று மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் அணி சேர்ந்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்துச் சாட்சியம் எடுத்தது. அன்றைய கலவரத்தைப் பற்றிய அறிவு பெரிதும் அந்த அறிக்கையிலிருந்தே வருகிறது. அதில் பேசியவர்கள், ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்த சங்கத்துக்காரர்கள். எழுதியவர்கள், சங்கங்களை அடக்க நினைத்த அதிகாரிகள். தோ பே கோங் தலைவர் கூ தியன் டெக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஏழாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. இன்று ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சாலை ஒன்று தியன் டெக் பெயரில் இருக்கிறது. அறிக்கையில் அவர் குற்றவாளி, சாலையில் ஊர்ப் பெரியவர்.

எத்தல் வழக்கின் பதிவிலும் இதே சாய்வு உண்டு. வெள்ளைக்காரர்கள் சொன்னது பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கிறது. சீனப் பெண்ணுடன் வாழ்ந்ததை ஸ்டீவர்டின் நடத்தைக்கே கறையாக அன்றைய வெள்ளைக்காரச் சமூகம் பார்த்தது. அந்தப் பெண்ணின் பக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. மாம் அவளைப் பேரம் பேசுபவள் ஆக்கினார், ஹாலிவுட் கொலைகாரி ஆக்கியது. பதிவில் வாயில்லாதவர்களைக் கற்பனையால்தான் பேச வைக்க முடியும் என்ற வாதம் நியாயமானது. பேச வைத்தவர்கள் எதைப் பேச வைத்தார்கள் என்று பார்த்தால், அந்த வாதத்தின் பலம் பாதியாகிறது.

இன்று திரையில் முதல் சில நொடிகளில் இரண்டு அறிவிப்புகள் வருகின்றன. ‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்பது ஒன்று. ‘பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே’ என்பது மற்றொன்று. முதலாவது டிக்கெட் விற்பதற்கு, இரண்டாவது வக்கீலுக்கு. பார்ப்பவருக்கென்று எழுதிய வரி எதுவும் அதில் இல்லை. எந்த நாள் மாற்றப்பட்டது, எந்த உரையாடல் வழக்குப் பதிவிலிருந்து வந்தது, எந்தப் பாத்திரம் இருவரைச் சேர்த்துச் செய்தது, காரணம் யாருடைய ஊகம் என்ற நான்கையும் சொல்ல நூலின் கடைசியில் இரண்டு பக்கம் போதும். தொடரென்றால் ஒரு நிமிடம். பழைய வழக்குகளைப் பொறுத்தவரை சரிபார்ப்பதும் முன்புபோல் கடினமல்ல. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் மலாயாவின் நூற்றாண்டு பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். தமிழ்ப் பதிப்பகங்களும் ஓடிடி நிறுவனங்களும் அந்த இரண்டு பக்கத்தை எழுத்தாளரிடம் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கலாம். சட்டம் அதை வற்புறுத்தவில்லை. கேட்பதற்குத் தடையும் இல்லை.